ஊசிக்குருவி வரவில்லை என்றவர்

செப்டம்பர் 12

அன்புள்ள மருமகளுக்கு,

போனைப் பாதியில் வைத்துவிட்டேன் என்று கோபப்படாதே. இப்போதெல்லாம் அந்த லைன் சுத்த மோசம். நீ பேசுவது கம்பளிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு பேசுவது போல இருக்கிறது. உன் புருஷன் பேசினால் அதுகூட இல்லை. அவன் சின்ன வயதிலிருந்தே வார்த்தைகளை மென்று விழுங்கி வளர்ந்தவன். ஆகவே இனிமேல் கடிதம்தான். இதில் ஒரு சௌகரியம், ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் குறுக்கே பேச முடியாது.

பூங்காவில் இலையுதிர்காலம் தொடங்கிவிட்டது. ஏரிக்கரை மரங்கள் உச்சியிலிருந்து மஞ்சளாகி இறங்கிக்கொண்டிருக்கின்றன. தனிக்கட்டைக்கு வீட்டில் என்ன வேலை, விடிந்ததும் கிழக்கு வாசலில் நிற்கிறேன். ரொட்டிக்கடை அம்மாவும் அடுப்பு வேலையைக் கடைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டு வந்துவிடுகிறார். போன தடவை நீ வந்தபோது பார்த்திருக்கிறாய். கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடுவாரே, அவர்தான். வடக்கே இருந்து வரும் வாத்துகள் வந்து இறங்கிவிட்டன. நேற்று ஒரு வல்லூறு புறாக் கூட்டத்துக்குள் பாய்ந்து வெறுங்கையோடு திரும்பியது. அதன் முகத்தில் இருந்த அசடு உன் புருஷன் பரீட்சை முடிந்து வரும்போது இருந்த அதே அசடு.

ஆனால் ஊசிக்குருவி வரவில்லை. பெயர் நானும் ரொட்டிக்கடை அம்மாவும் வைத்தது. கட்டைவிரல் அளவுக்குத்தான் இருக்கும், உச்சந்தலையில் மஞ்சள் கோடு, ஊசியால் துணியைக் குத்துவது போல மெல்லிய குரல். ஆள் தெரியாது, குரல்தான் தெரியும். ஒவ்வொரு இலையுதிர்காலமும் வடக்கு மூலையில் இருக்கும் ஊசியிலை மரங்களுக்கு வரும். போன வருஷமே குறைச்சல். இந்த வருஷம் ஒன்றுகூட இல்லை. காரணமும் எனக்குத் தெரியும். தலைமைத் தோட்டக்காரர் வசந்தத்தில் அந்த மரங்களில் ஒரு வரிசையையே வெட்டிச் சாய்த்துவிட்டார். வெட்டுக்கிளிகள்கூட இல்லை, புல்வெளி ஊமையாகக் கிடக்கிறது. அக்டோபர் கடைசியில் பூங்காக் குழு கூடுகிறது. அங்கே எழுந்து கேட்கப்போகிறேன். விடுவதாக இல்லை.

நீ வாங்கிக் கொடுத்த கெட்டில் விசில் அடிப்பதை நிறுத்திவிட்டது. தண்ணீர் வற்றி அடி கருகிவிட்டது. இனிமேல் விசில் இல்லாத பாத்திரமே வாங்கு, நம்பி மோசம் போக வேண்டாம்.

உன் மாமா

*

செப்டம்பர் 24

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். வல்லூறு இடம் வந்ததும் எழுந்து போய்விட்டார். சமையலறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. இருவரும் நேரில் பேசிக்கொள்ளாவிட்டாலும் என் வழியாகவாவது சிரித்துக்கொள்கிறீர்கள், எனக்கு அதுவே போதும்.

எனக்கு இது கை ஓயாத மாதம். பள்ளிகள் திறந்துவிட்டன. கோடை முழுவதும் பூட்டிக் கிடந்த பியானோக்கள் எல்லாம் சுருதி இறங்கி எனக்காகக் காத்துக் கிடக்கின்றன. நேற்று ஒரு பள்ளி மண்டபத்தில், பியானோவின் உள்ளே ஒரு சீப்பும் இரண்டு பென்சிலும் கடித்து வைத்த ஆப்பிளும் கிடைத்தன. சீப்பைக் கொடுத்ததும் ஆசிரியை சிவந்துபோய் வாங்கிக்கொண்டார்.

ஊசிக்குருவி விஷயத்தில் ஒரு சந்தேகம். ரொட்டிக்கடை அம்மா என்ன சொல்கிறார்? கடிதத்தில் நீங்கள் சொல்வதுதான் இருக்கிறதே தவிர அவர் சொல்வது ஒன்றும் இல்லை. நீங்கள் இருவரும் சேர்ந்துதானே பார்க்கிறீர்கள்? கூட்டத்தில் பேசுவதற்கு முன் அவரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கெட்டில் கருகியதைக் கேட்டு பயந்துவிட்டேன். விசில் கெட்டுப்போவது அபூர்வம் மாமா. அது வெறும் ஓட்டைதான், கெடுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

உங்கள் மருமகள்

*

அக்டோபர் 3

அன்புள்ள மருமகளுக்கு,

கேட்டாயல்லவா ரொட்டிக்கடை அம்மா என்ன சொல்கிறார் என்று? கேட்டுக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை வடக்கு மூலையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தோம். ஞாயிறென்றால் பறவை பார்க்கக் கூட்டம் கூடிவிடும். திடீரென்று இந்த அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "அதோ, மேல் கிளைல. ஊசி" என்றார். பைனாகுலரைத் தூக்கிக் கிளை கிளையாகத் தேடினேன். காற்றில் இலை ஆடுகிறது, வேறொன்றும் இல்லை. "எங்க? ஒண்ணும் கேக்கலையே" என்றேன். "இப்பக்கூட கத்துதே" என்றார். ஆசை இருந்தால் காற்றுகூடப் பறவையாகத்தான் கேட்கும் என்று சொன்னேன். சாதாரணமாகத்தான் சொன்னேன். கூட்டத்தில் ரெண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

அந்த அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "நீங்க சொன்னா பறவை, நான் சொன்னா காத்தா?" என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று வாசலைப் பார்த்து நடந்தார். அன்றிலிருந்து வரவில்லை. கடைக்குப் போனால் பையனைவிட்டு ரொட்டியைக் கொடுக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறார்.

நான் என்ன செய்ய? பொய்யாக ஒரு குருவியை நானும் கேட்டதாகச் சொல்ல வேண்டுமா? எஞ்சின் ஓட்டிய காலத்தில் பனியிலும் மழையிலும் ஒரு சிக்னலைத் தவறவிட்டதில்லை. இருப்பதை இருக்கிறது என்பேன், இல்லாததை இல்லை என்பேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.

மனு எழுதியாகிவிட்டது. காலை நடைக்கு வருகிறவர்கள் பலரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நான் சொன்னால் இங்கே ஒரு மதிப்பு இருக்கிறது. தலைமைத் தோட்டக்காரரை ஊருக்கு வெளியே இருக்கும் நாற்றுப் பண்ணைக்கு மாற்றிவிடுவார்கள் என்று பேச்சு. நல்லதுதான். மரம் வெட்டுகிறவருக்குச் செடி வளர்க்கும் வேலை கொடுத்தால் புத்தி வரும்.

உன் மாமா

*

அக்டோபர் 10

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தைப் பலமுறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையாவது கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

முதலில் ஒரு கதை. என் தொழிலில் ஒரு வாடிக்கையாளர், வயதான சங்கீத ஆசிரியர். அற்புதமாக வாசிப்பார். ஒருநாள் கூப்பிட்டு, மேல் கட்டைகள் எல்லாம் செத்துவிட்டன, மரக்கட்டையைத் தட்டுவது போலச் சத்தம் வருகிறது, சரி செய் என்றார். பார்த்தேன். கம்பிகள் சரி, சுத்தியல்கள் சரி. வாசித்துக் காட்டினேன், கண்ணாடி மணி போலக் கேட்டது, எனக்கு. அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஏதோ செய்வது போலப் பாசாங்கு செய்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் அவர் வேறு ஒருவரைக் கூப்பிட்டு நல்ல கம்பிகளை எல்லாம் மாற்றச் சொல்லிவிட்டார். அதிலும் திருப்தி இல்லை. கடைசியில் பியானோவையே விற்றுவிட்டார். அன்று நான் வாயைத் திறந்திருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றும்.

உங்களிடம் பாசாங்கு செய்ய மாட்டேன்.

மாமா, கெட்டில் விசில் அடித்திருக்கும். வெட்டுக்கிளிகள் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கும். போன் லைனில் கோளாறு இல்லை. நான் கம்பளிக்குள் பேசவில்லை. உங்கள் பிள்ளை முணுமுணுப்பவர்தான், ஆனால் அவ்வளவு இல்லை. ரொட்டிக்கடை அம்மா கேட்டது காற்றை அல்ல. மெல்லிய, உயர்ந்த சத்தங்கள்தான் முதலில் போகும். வாத்தும் காக்கையும் மரங்கொத்தியும் அப்படியே கேட்கும், அதனால் போனது தெரியாது. எஞ்சினுக்குப் பக்கத்திலேயே வாழ்க்கையைக் கழித்தவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். இதில் உங்கள் குறை ஒன்றும் இல்லை.

குருவி போகவில்லை என்று நினைக்கிறேன். கூட்டத்துக்கு முன் ஒரு காது டாக்டரைப் பார்த்துவிடுங்கள். கோபம் வந்தால் என்மேல் காட்டுங்கள். அந்த அம்மா மேல் வேண்டாம், தோட்டக்காரர் மேலும் வேண்டாம்.

உங்கள் மருமகள்

*

அக்டோபர் 17

மருமகளுக்கு,

பியானோவுக்குச் சுருதி பார்த்துப் பார்த்து இப்போது மாமனாருக்கும் சுருதி பார்க்கத் தொடங்கிவிட்டாய். சந்தோஷம்.

என் காது நன்றாகத்தான் இருக்கிறது. மாடி வீட்டில் நாற்காலி நகர்த்தினால் கேட்கிறது, தெருவில் லாரி வந்தால் கேட்கிறது. எனக்குக் கேட்காதது இந்தப் பூங்காவில் இல்லாதது மட்டும்தான். கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு ஒரு கெட்டிலை வைத்து வைத்தியம் பார்க்க உன்னால்தான் முடியும். யாரும் என் காதில் பூச்சுற்ற வேண்டாம்.

கூட்டத்தில் பேசத்தான் போகிறேன். இதற்குப் பதில் எழுத வேண்டிய அவசியம் இல்லை.

மாமா

*

அக்டோபர் 22

அன்புள்ள மாமாவுக்கு,

அவசியம் இல்லை என்றீர்கள். எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டினேன். மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அப்பாகிட்ட இதைச் சொல்ற தைரியம் எனக்கு வந்திருக்காது" என்றார். போன வருஷம் ஊருக்கு வந்தபோதே அவருக்குச் சந்தேகமாம். சொல்லவில்லை. இந்தக் குடும்பத்தில் எல்லாரும் ஒருவரை ஒருவர் நோகடிக்காமல் இருந்தே ஒருவருக்கொருவர் ஊமையாகிவிட்டீர்கள். எனக்கு அந்தப் பழக்கம் வேண்டாம்.

சொன்னதை வாபஸ் வாங்க மாட்டேன். நான் சொன்னது தப்பாக இருந்தால் அடுத்த முறை வரும்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் நடுவில் நின்று மன்னிப்புக் கேட்கிறேன். என் மூக்கு உடையும், அவ்வளவுதான். நான் சொன்னது சரியாக இருந்தால்? செய்யாத தப்புக்காக ஒரு மனிதர் வேலையிடத்தைவிட்டுப் போவார். உங்கள் வார்த்தைக்கு மதிப்பு இருக்கிறது என்றீர்களே, எனக்குப் பயமே அதுதான்.

நீங்கள் இல்லாததை இருக்கிறது என்று சொல்லாதவர். இருப்பதை இல்லை என்றும் சொல்லிவிட மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில்,

உங்கள் மருமகள்

*

அக்டோபர் 31

அன்புள்ள மருமகளுக்கு,

உட்கார்ந்து படி. நீளமான கடிதம்.

உன் கடைசிக் கடிதம் வந்த அன்று அதைப் பிரிக்கவில்லை. மேஜைமேல் போட்டுவிட்டுப் பூங்காவுக்குப் போனேன். வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளைப் படம் எடுத்துக் கூட்டத்தில் காட்டலாம் என்று எண்ணம். மழை பெய்து விட்டிருந்தது, ஆள் நடமாட்டம் இல்லை. அடிக்கட்டைகளுக்குப் பக்கத்தில் தோள் உயரத்துக்கு இளம் மரங்கள் சில நிற்கின்றன. அவற்றுக்கு எதிரே பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

ஒரு குருவி வந்து கைக்கெட்டும் தூரத்தில் தாழ்ந்த கிளையில் உட்கார்ந்தது. பைனாகுலரே தேவைப்படவில்லை. கட்டைவிரல் அளவு, உச்சியில் மஞ்சள் கோடு. எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. வந்துவிட்டாயா என்று மனதுக்குள் கேட்டேன். அப்போது அது வாயைத் திறந்தது.

அலகு திறந்து மூடுகிறது. தொண்டை துடிக்கிறது. ஒவ்வொரு தடவையும் அந்தக் குட்டி உடம்பு முழுக்கக் குலுங்குகிறது. சத்தம் இல்லை. தொலைக்காட்சியில் ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பது போல. ஏரியில் வாத்து கத்துவது கேட்கிறது, சாலையில் பஸ் போவது கேட்கிறது. கண்ணெதிரே கத்துகிற குருவியிடமிருந்து ஒன்றுமே வரவில்லை. அது கூப்பிடக் கூப்பிட இன்னொன்று வந்தது, அப்புறம் இன்னும் சில. எல்லாம் வாயைத் திறந்து மூடிக்கொண்டு என்னைச் சுற்றி இலைக்குள் அலைந்தன. இவை இல்லை என்றுதான் ஊரெல்லாம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.

என் கண்ணை நான் எப்போதும் நம்பியிருக்கிறேன். அதுவே சாட்சி சொன்ன பிறகு பேச ஒன்றும் இல்லை. அந்த ஈரப் பெஞ்சிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வெட்கம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது பயம். இன்னும் என்னென்ன எனக்குத் தெரியாமலே போயிருக்கிறதோ என்று.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தைப் பிரித்துப் படித்தேன். மறுநாளே காது டாக்டரிடம் போனேன். ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் ஒரு கருவியை மாட்டிவிட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். ஆரம்பத்தில் அழுத்தினேன். அப்புறம் விரலைப் பொத்தான்மேலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஏதோ இயந்திரக் கோளாறு, சரிசெய்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வந்து, "அவ்வளவுதாங்க, முடிஞ்சிருச்சு" என்றார். படம் போட்டுக் காட்டினார். கோடு பாதி தூரம் நேராகப் போய்விட்டு மாடியிலிருந்து குதித்தது போல விழுந்து கிடக்கிறது.

அப்புறம் கூட்டம். மண்டபம் நிறைய ஆட்கள். தோட்டக்காரர் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய், "நான் குடுத்த மனுவைத் திரும்ப வாங்கிக்கிறேன். குருவி இருக்கு. எனக்குத்தான் கேக்கலை" என்றேன். சொல்லி முடித்ததும் யாரோ ஏதோ கேட்டார்கள், அதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் உரக்கச் சொன்னார்: யாராவது என்னை மிரட்டினார்களா என்று கேட்கிறார்களாம். ஆமாம், என் மருமகள் என்றேன். மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பு நன்றாகக் கேட்டது.

வெளியே தோட்டக்காரர் வந்து நின்றார். அந்த மரங்கள் போன வருஷப் புயலில் வேர் தளர்ந்துபோனவை, யார்மேலாவது விழுந்திருக்கும் என்றார். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்காமலே என் பேரைக் கெடுத்துட்டீங்க. நன்றியெல்லாம் சொல்ல மாட்டேன்" என்றார். சொல்ல வேண்டாம் என்றேன். அவர் பக்கம் நியாயம். அடுத்த வாரம் புதுக் கன்று நடுகிறார்களாம். மண் தோண்ட நானும் வரலாமா என்று கேட்டதற்கு, சொந்தமாக மண்வெட்டி இருந்தால் வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரொட்டிக்கடை அம்மா கூட்டத்துக்கு வரவில்லை. மறுநாள் காலை கடைக்குப் போய் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. பையன் இல்லை, அவரே நின்றிருந்தார். யாரோ முகம் தெரியாத ஆளிடம் கேட்பது போல, "என்ன வேணும்?" என்றார். யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய்விட்டது. "நல்லாக் கேக்குற காது ஒண்ணு வேணும், நாளைக்குக் காலைல" என்றேன். "இங்க ரொட்டி மட்டும்தான்" என்று சொல்லி, ரொட்டியைச் சுற்றிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைப் பார்த்தார்.

ஆனால் மறுநாள் கிழக்கு வாசலில் நின்றார். மண்டபத்தில் நான் சொன்னது அதற்குள் கடைக்கு வந்து சேர்ந்துவிட்டதாம். ஏரிவரை நடந்தோம். அங்கே நின்று சொன்னார்: "எனக்குப் போன வருஷமே தெரியும். ரோஷத்துல மறைக்கிறீங்கன்னு நினைச்சேன். உங்களுக்கே தெரியாதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே." சொல்லிவிட்டு, அன்று சிரித்த ரெண்டு பேர் யார் என்று தனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டார். அவர்களை நான் காப்பாற்றப்போவதில்லை.

உன்னிடம் அன்று எழுதியது எல்லாம் கோபத்தில் எழுதியது. அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடு. நீ எழுதியதை நான் கிழிக்க மாட்டேன்.

உன் மாமா

*

நவம்பர் 9

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன், படித்துக் காட்டவில்லை. தானே படிக்கட்டும் என்று வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்தால் கடிதம் மேஜைமேல் மடித்து வைத்திருந்தது; மனிதர் கண்ணெல்லாம் சிவந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நறுக்கிய வெங்காயம் எங்கள் இருவருக்கும் ஒரு வாரத்துக்குக் காணும். அவர் உங்களுக்குத் தனியாக எழுதுவார். கையெழுத்து முணுமுணுப்பாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மண்டபத்தில் நான் இருந்திருக்க வேண்டும். மிரட்டியவள் என்று என் பேரைச் சொன்னதற்கு என்னால் இதுவரை கோபப்பட முடியவில்லை. தெருவில் நடக்கும்போது நினைத்துச் சிரித்துவிட்டேன், எதிரே வந்தவர் ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

காது மெஷின் வாங்கிவிட்டீர்களா? ஆரம்பத்தில் தட்டு வைக்கும் சத்தம்கூடத் தலையில் அடிப்பது போல இருக்கும் என்பார்கள். கழற்றிப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். மண்வெட்டி கிடைத்ததா? ரொட்டிக்கடை அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். வசந்தத்தில் இங்கே வந்து எங்களோடு சில வாரம் இருங்கள். எங்கள் ஊர்ப் பூங்கா சின்னதுதான், ஆனால் ஆறு அதன் நடுவில் ஓடுகிறது.

உங்கள் மருமகள்

*

நவம்பர் 23

அன்புள்ள மருமகளுக்கு,

மெஷின் வந்துவிட்டது. முதல் நாள் தெருவில் இறங்கியதும் என் சட்டையே இவ்வளவு சத்தம் போடும் என்று தெரிந்தது. காய்ந்த இலைமேல் நடந்தால் அப்பளம் நொறுங்குகிறது. மரமேறிக் குருவியின் குரல் கிடைத்தது, வாலாட்டியின் குரல் கிடைத்தது. நின்று கேட்டேன்.

ஊசிக்குருவி கிடைக்கவில்லை. அது மெஷினுக்கும் எட்டாத உயரமாம், டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். ஒரு நாள் முழுக்க மனசு சரியில்லை. அப்புறம் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ரொட்டிக்கடை அம்மாவுக்கு அது கேட்டதும் என் முழங்கையைத் தொட்டு, எந்தப் பக்கம் என்று கையால் காட்டுவார். நான் பைனாகுலரைத் தூக்கிப் பிடித்துவிடுவேன். பிடித்ததும் அவர் கையில் கொடுப்பேன். இத்தனை வருஷமாகக் கேட்டுக் கேட்டே பழகிய அந்தக் குருவியின் மஞ்சள் கோட்டை அவர் சரியாகப் பார்த்ததே இப்போதுதானாம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எங்களைவிட அதிகம் பார்க்கிறவர்கள் யாரும் இல்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

கன்று நட்டோம். தோட்டக்காரர் என்னிடம் மூன்று வார்த்தை பேசினார்: குழி, ஆழம், போதாது. முன்னேற்றம்தான்.

உன் புருஷன் கடிதம் வந்தது. நாலு பக்கம். அவனுக்குள் இவ்வளவு பேச்சு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பதில் தனியாகப் போடுகிறேன், அதை நீ வாங்கிப் படிக்காதே.

வசந்தத்தில் வா என்று கூப்பிட்டாய். வருகிறேன். கடையை ஒரு மாதம் பையனிடம் விட்டுவிட்டு ரொட்டிக்கடை அம்மாவும் வருகிறார். இதை முதலில் கேட்டது நான்தான். அவர் யோசிக்க ஒரு நாள் கேட்டு, அதே நாள் மத்தியானமே பதில் சொல்லிவிட்டார். உங்கள் வீட்டில் கூடுதலாக இரண்டு அறை இருப்பது தெரியும். எத்தனை அறை ஒழித்து வைப்பது என்று நீயாகக் கேட்க மாட்டாய், உன் புருஷனோ கேட்கவே மாட்டான். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

ஒன்று போதும்.

உன் மாமா